ஆஸ்திரேலியாவின் கூட்டாட்சிக் கால வீடு

ஆறு பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1901 ஜனவரி 1 அன்று இணைந்து ஆஸ்திரேலியக் கூட்டாட்சி உருவானது. அதை ஒட்டி, ஏறத்தாழ 1890 முதல் 1915 வரை அந்நாட்டில் எழுந்த வீடுகள் கூட்டாட்சிக் கால வீடுகள் எனப்படுகின்றன. இந்தப் பெயரை 1969இல் முன்வைத்தவர் கலை வரலாற்றாளர் பெர்னார்டு ஸ்மித்.

சிட்னியின் ஹேபர்ஃபீல்டு புறநகர் முழுவதும் இப்பாணிக்குப் புகழ்பெற்றது. ரிச்சர்டு ஸ்டான்டன் என்னும் மனை வணிகர் 1901 முதல் அதை உருவாக்கினார். எனினும் இவ்வகை வீட்டை அதற்குரிய விரிவோடு பார்க்க நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதிக்குத்தான் போகவேண்டும். ஆர்மிடேல், கூல்பர்ன், ஆரஞ்சு, டென்டர்ஃபீல்டு போன்ற ஊர்களில் மனைகள் அகலமானவை. வீட்டைச் சுற்றித் தோட்டமும் பழமரங்களும் பின்கட்டுக் கொட்டகையும் இன்னும் இருக்கும். ஆர்மிடேலுக்கு ரயில் 1883இல் வந்தது, டென்டர்ஃபீல்டுக்கு 1886இல். கம்பளி போன பாதையிலேயே கூரை ஓடும் இரும்புத் தகடும் ஊருக்குள் வந்து இறங்கின.

முகப்பு சிவப்புச் செங்கல்லால் ஆனது. செங்குத்தாக எழும் முக்கோண முகடு, உயர்ந்த புகைபோக்கிகள், மூலையில் திரும்பிப் பக்கவாட்டிலும் ஓடும் வராண்டா, அதன் தூண்களுக்கிடையே மர வேலைப்பாடு ஆகியவை இதன் அடையாளங்கள். கூரையில் மங்களூர் ஓட்டைப் போல ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் பிரெஞ்சு மார்சேய் ஓடு இருக்கும். நாட்டுப்புற ஊர்களில் நெளிதகடும் அதே அளவு வழக்கம். முகட்டில் உதயசூரியன் வடிவையும், சன்னல்களின் வண்ணக் கண்ணாடியில் வராட்டா மலரையும் காணலாம். ஐரோப்பிய இலை கொடிகளை விட்டு உள்ளூர்ப் பூவையும் பறவையையும் கைவினைஞர்கள் விரும்பி எடுத்துக்கொண்டதே இப்பாணியின் பெருமை.

செங்கல் வேலையை அருகில் நின்று பார்க்கவேண்டும். செங்கல்லின் நிறத்திலேயே சாயம் கலந்த சாந்தை இடுக்குகளில் சமமாக நிரப்பி, அதன்மேல் நூல் பிடித்தாற்போல் மெல்லிய வெண்சுண்ணாம்புக் கோடு ஒட்டுவார்கள். ஓரம் உடைந்த கல்லும் அப்போது சீராகத் தெரியும். பெரும்பாலும் தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டுமே இந்தச் செலவு செய்தார்கள்.

உள்ளே நடுவில் ஒரு நடை. இருபுறமும் உயரமான அறைகள். முக்கிய அறைகளில் கணப்பு. விட்டத்தின் அடியில் பூவேலை பதித்த உலோகத் தகட்டைக் காண்பது சாதாரணம். இவற்றைத் தயாரித்தவர்களில் பெயர்பெற்றது வுண்டர்லிக் நிறுவனம். சிட்னி நகர மண்டபத்தின் பெரிய கூடத்தில், ஆர்கனின் அதிர்வால் சுதை உதிர்ந்து விழக்கூடும் என்று அஞ்சி இவர்களுடைய துத்தநாகத் தகட்டைப் பதித்தார்கள்.

இத்தகைய வீடு விற்பனைக்கு வரும்போது விளம்பரம் உயர்ந்த அறைகளைப் பற்றிப் பேசும். வாங்குபவர் பார்க்கவேண்டியது சுவரின் அடிப்பகுதியை. பழைய சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையானது. தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். பழுது பார்க்கிறோம் என்று பிற்காலத்தில் அந்த இடுக்குகளில் சிமென்டைப் பூசிய வீடுகள் உண்டு. அங்கே ஈரம் போக வழியின்றிச் செங்கல்லுக்குள் நின்று, உப்புப் பூத்து, கல்லின் முகமே பொடிந்து விழுகிறது. இந்த வீடுகளுக்கு இழைக்கப்படும் கொடுமைகளில் இதுவே பெரியது; நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதும் இதுதான். மரத்தரைக்கு அடியில் கரையான், பழைய வண்ணப்பூச்சில் ஈயம், பின்னாளில் ஒட்டிக் கட்டிய சமையலறையிலும் குளியலறையிலும் கல்நார்த் தகடு ஆகியவற்றையும் சோதிக்கவேண்டும். கல்நாரை ஆஸ்திரேலியா முற்றிலும் தடை செய்தது 2003 டிசம்பர் 31 அன்றுதான்.

நியூ சவுத் வேல்ஸில் விற்பனை ஒப்பந்தம் தயாராகாமல் வீட்டை விளம்பரப்படுத்த முடியாது. அதோடு இணைக்கப்படும் திட்டமிடல் சான்றிதழில், வீடு மரபுச் சொத்தாகப் பட்டியலில் உள்ளதா, மரபுப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் மட்டும் அமைந்துள்ளதா என்பது தெரியும். வேறுபாடு பெரிது. பட்டியலில் இருந்தால் உள்ளே கட்டமைப்பை மாற்றவும் நகராட்சியின் இசைவு வேண்டும். வட்டாரத்துக்குள் மட்டும் இருந்தால் கட்டுப்பாடு முக்கியமாக வெளித்தோற்றத்தைப் பற்றியது. கணப்பும் தகட்டு விட்டமும் உரிமையாளரின் மனத்தைப் பொறுத்தே பிழைக்கின்றன. தேவையான அளவு செய், இயன்ற அளவு குறைவாக மாற்று என்பது மரபிடங்களைப் பேணுவதற்காக 1979இல் வகுக்கப்பட்ட பர்ரா சாசனத்தின் நெறி. ஆர்மிடேல் அருகே சௌமரெஸ் பண்ணை மாளிகை அதற்கு நல்ல சான்று. 1888இல் கட்டி, 1906இல் மாடி எழுப்பிய அவ்வீட்டை அதன் உரிமையாளரான வைட் குடும்பம் தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. அறைகலன்களோடு அதை இன்றும் பார்க்கலாம்.

ஒப்பந்தம் கைமாறியபின் வாங்குபவருக்கு மனம் மாற 5 வேலைநாள் அவகாசம் உண்டு. விலகினால் விலையில் 0.25 விழுக்காட்டை இழக்கவேண்டும். ஏலத்தில் எடுத்தால் அந்த அவகாசமும் இல்லை என்பதால், கட்டிடச் சோதனையையும் கரையான் சோதனையையும் ஏல நாளுக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.