கவாத்துக் கத்தியும் கெரிஸும்: இரும்பைச் சான்றாகப் படிப்போம்

ஆசிரியர்களே, தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே! 'கெரிஸ் எதைக் குறிக்கிறது?' என்று கேட்டால், 'அரச அதிகாரம்' என்று ஒரே வரியில் எழுதிட்டுப் போயிடுறோம். விடை சரிதான். மாமன்னர் தம் முடிசூட்டு விழாவில் அரச கெரிஸை உருவி முத்தமிடுகிறார். நாட்டுச் சின்னத்திலுள்ள ஐந்து கெரிஸ்களும் ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு மாநிலங்களைக் குறிக்கின்றன. ஆனால் அந்த இரும்பை அடித்தவர் யார்? அது முதலில் எதற்குப் பயன்பட்டது? இதே கேள்விகளைக் கேமரன் மலையின் கவாத்துக் கத்தியிடமும் கேட்டுப் பார்ப்போம்.

முதலில் ஜாவா. லாவு மலைச் சரிவில் 15ஆம் நூற்றாண்டின் சுக்கு கோயில் இருக்கு. அங்கே ஒரு புடைப்புச் சிற்பம் கொல்லன் பட்டறையைக் காட்டுது. பீமன் ஆயுதம் வடிக்கிறான், அர்ச்சுனன் துருத்தி ஊதுகிறான், நடுவில் ஆனைமுகன் ஆடுகிறார் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். கெரிஸ் செய்யும் கைவினைஞரை ஜாவா மக்கள் 'எம்பு' என்று மதிப்போடு அழைத்தனர். 2005இல் யுனெஸ்கோவும் இந்தோனேசியக் கெரிஸுக்குச் சிறப்பு அங்கீகாரம் தந்தது.

மேற்கு ஜாவாவில் சுண்டா மக்களின் 'கூஜாங்' என்ற வளைந்த கத்தி, உழவுக் கருவியாகப் பிறந்து சடங்கு ஆயுதமானது என்று கருதப்படுகிறது. இன்று அது அந்த மாநிலச் சின்னத்தின் நடுவில் இருக்கு.

நம் நாட்டிலும் ஒரு கலைஞர் இந்த மரபைப் புதிதாகப் பார்த்தார். கெரிஸ் செய்யும் கலையும் அறிந்த பேராக் சிற்பி ராஜா ஷாரிமான், 1994இல் 'கில்லிங் டூல்ஸ்', அதாவது கொலைக் கருவிகள், என்ற உலோகச் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்தார். 'கெராக் தெம்பூர்' வரிசையில் பழைய இரும்புத் துண்டுகளைச் சேர்த்துப் போர் அசைவுகளை உருவாக்கினார். கண்ணாடிப் பேழைக்குள் அழகாகக் கிடக்கும் ஆயுதம் ஒருகாலத்தில் உயிரெடுத்தது என்பதை அவை மறக்கவிடுவதில்லை.

இப்போ நம்ம மலைக்கு வருவோம். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இந்த மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து, கவாத்து வெட்டி உழைத்தவர்களில் தமிழர்கள் பெரும் பங்கினர். பிழைப்புக்கான கத்திதான்; ஆனாலும் ஆயுத பூசையன்று கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம்ம வழக்கம். கூஜாங் நடந்த பாதையில் இதுவும் ஓர் அடி வைத்திருக்கு, பாருங்க.

இன்று கவாத்துக்கு இயந்திரம் வந்தாச்சு. பல தமிழ்க் குடும்பங்கள் மலையிறங்கிட்டாங்க. வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் வந்துட்டாங்க. கெரிஸைக் காக்க அரண்மனையும் அருங்காட்சியகமும் உண்டு. துருப்பிடிக்கும் கவாத்துக் கத்தியைக் காக்க யார் இருக்கா?

மாணவர்களே, எந்தப் பொருளைப் பற்றி எழுதினாலும் நான்கு கேள்வி கேளுங்க: யார் செய்தது? யார் பிடித்தது? எதற்குப் பயன்பட்டது? அதன் பொருள் எப்போது மாறியது? ஆசிரியர்களே, தோட்டத்தில் வேலை செய்த தாத்தா, பாட்டி யாராவது இருந்தால், அவர்கள் பிடித்த கருவியின் கதையை மாணவர்களைக் கேட்டு எழுதச் சொல்லுங்க. சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதி வைக்கணும்.