மருந்து வந்தாச்சு, அப்புறம் என்ன? திருத்தணிப் பக்கத்துக் காசநோய்க் கதை

போன எபிசோடில் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து மெட்ராஸ் ஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்த கதையைப் பேசினோம். இந்த முறை எல்லைக்கோடு பற்றி இல்லை, இருமல் பற்றி.

என் அக்கா மகள் சென்னையில் எம்.பி.எச். படிக்கிறாள். பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்தவளிடம், "நீ டாக்டரா, இல்லையா?" என்று பெரியம்மா கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "ஊசி போடற டாக்டர் இல்ல பெரியம்மா. கண்டுபிடிச்ச மருந்து ஏன் ஊருக்கு வந்து சேரலன்னு பாக்கறதுதான் என் படிப்பு" என்றாள். அதைச் செயலாக்க ஆய்வு என்கிறார்கள். இது ஏதோ புதுசாக வெளிநாட்டிலிருந்து வந்த சங்கதி என்றுதான் நானும் நினைத்தேன். தேடிப் படித்தபோதுதான், இதன் ஒரு பெரிய அத்தியாயம் நம்ம மாவட்டத்திலேயே நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

என் தாத்தா தறி நெய்தவர். 1967-இல் இருமி இருமியே செத்தார். இறப்பதற்கு முன் மூணு தடவை ஒரு மருந்தகத்துக்கு நடந்து போயிருக்கிறார். மூணு தடவையும் ஒரு பாட்டில் இருமல் மருந்து கொடுத்து அனுப்பினார்களாம். பாட்டி இதைக் கோபமாகச் சொன்னதில்லை. "எழுதினது அவ்ளோதான்" என்பார். ஆனால் அந்த வருஷங்களைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்கள்.

1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு எல்லாம் சேர்ந்து நடத்தியது. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாசக்கணக்கில் படுக்கை. அவ்வளவு படுக்கைக்கு நாட்டில் எங்கே போவது? அதனால் நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு சானடோரியம். இன்னொரு பிரிவு சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரையைச் சாப்பிட்டது. 1959-இல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 100-க்கு 92 பேர் தேறினார்கள். வீட்டில் 86 பேர். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு. அப்படியும் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். அதாவது, தாத்தா செத்ததற்கு எட்டு வருஷம் முன்னாலேயே விடை தெரிந்திருந்தது. நம்ம ஊரிலிருந்து ரயிலில் போய்விடக்கூடிய தூரத்தில்.

அப்போ எங்கே இடித்தது?

இதற்கு ஒரு பதில் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்திலிருந்து வந்தது. பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் கிராமம் கிராமமாகப் போய் நோயாளிகளிடம் பேசினார்கள். 1963-இல் அந்த ஆய்வு வெளியானது. "ஜனங்களுக்கு அறிவு இல்லை, ஆஸ்பத்திரிக்கே வருவதில்லை" என்பதுதான் அதுவரை பொதுவான நம்பிக்கை. நடந்தது வேறு. சளியில் கிருமி இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஏற்கெனவே தாங்களாகவே வைத்தியம் தேடிப் போயிருந்தார்கள். பெரும்பாலும் இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள்.

இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் மூணு பாட்டில்தான் கண்ணில் வந்தது. பாட்டி சொன்ன மாதிரி அது எழுதினது இல்லை. வந்த ஆளின் சளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க அங்கே ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான்.

1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சளிப் பரிசோதனை, இலவச மாத்திரை. திட்டம் சரியானது. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். இரண்டு மாசத்தில் இருமல் நின்றதும் ஆள் வேலைக்குப் போய்விடுவார். நோயாளி மாத்திரையைத் தானாகவே ஒழுங்காகச் சாப்பிடுவார் என்று நம்பிவிட முடியாது என்று ஃபாக்ஸ் 1950-களிலேயே எழுதியிருந்தார். சென்னை மையத்தில் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீர் சோதிப்பார்கள். அந்தப் பாடம் நாட்டுத் திட்டத்துக்குள் வரவில்லை. 1992-இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தபோது, சிகிச்சையை முடித்தவர்கள் பாதிக்கும் குறைவு என்று தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் டாட்ஸ் வந்தது. அங்கன்வாடிப் பணியாளரோ ஊரில் நம்பிக்கையான ஒருவரோ முன்னால் நின்று மாத்திரையை விழுங்க வைக்கும் முறை. திருவள்ளூர் மாவட்டத்தில் 1999-இல் சென்னை ஆராய்ச்சி மையமே இதைக் கூட இருந்து நடத்தி, தொடர்ந்து கணக்கெடுத்தது. ஏறத்தாழ ஐந்து வருஷத்தில் அந்தக் கிராமங்களில் காசநோய் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது. ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் கொஞ்சம் மேலே ஏறியது. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். 2000-இல் நம்ம மாவட்டத்தில் சிகிச்சை பெற்றவர்களில் யார் இறந்தார்கள் என்று பார்த்து 2002-இல் ஒரு கட்டுரை வந்தது. 35 கிலோவுக்கும் குறைவான எடையோடு வந்தவர்கள் அதிகம் இறந்திருக்கிறார்கள். மாத்திரை கையில் இருந்தும்!

அதாவது, எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தால் ஆபத்தில் இருப்பவரை முதல் நாளே அடையாளம் கண்டுவிடலாம். இது தெரிந்தது 2002-இல். மாநிலம் முழுக்க நடைமுறைக்கு வந்தது 2022 ஏப்ரலில். 'தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்று பெயர். மாநிலக் காசநோய்ப் பிரிவும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து செய்தது. நோய் உறுதியானதும் பணியாளர் சிலவற்றைப் பார்க்கிறார். உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கம் உண்டா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவா, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. ரத்தப் பரிசோதனைகூட வேண்டாம். ஆபத்து என்று தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

"இதுல என்னம்மா ஆராய்ச்சி இருக்கு? எடை பாக்கறதுதானே?" என்று அக்கா மகளிடம் கேட்டேன்.

"மாமா, எடை பாக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். மெஷின் எங்க இருக்கு, யார் பாக்கணும், எந்தத் தாள்ல எழுதணும், படுக்கை இல்லன்னு சொன்னா யாருக்கு ஃபோன் பண்ணணும்? இதுல ஒண்ணு விட்டுப்போனாலும் ஆள் வீட்டுக்குத் திரும்பிப் போயிடுவாரு. அந்த ஓட்டை எங்கன்னு கண்டுபிடிக்கறதுதான் ஆராய்ச்சி."

அவள் படிப்புக்கும் என் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றுதான் புரிந்தது. 1959-இல் தெரிந்தது ஒழுங்காக ஊருக்கு வர நாற்பது வருஷம் ஆனது. 2002-இல் தெரிந்ததற்கு இருபது. பாதியாகக் குறைந்திருக்கிறது என்று சந்தோஷப்படலாம்தான். ஆனால் அந்த இருபது வருஷத்துக்குள்ளும் 35 கிலோ எடையோடு வந்து, மாத்திரையோடு வீட்டுக்குத் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பேரப் பிள்ளைகள் இருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். வெறும் இருமல் மருந்து கொடுத்தால், "சளி டெஸ்ட் எடுக்கலையா?" என்று கேளுங்கள். உங்கள் வீட்டில், ஊரில் இப்படிக் கதை இருந்தால் எழுதி அனுப்புங்கள். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.