மது அருந்திய நிலையில் வாகனம் ஓட்டுதல் (இந்தியச் சட்டம்)

மது அருந்திய நிலையில் மோட்டார் வாகனம் ஓட்டுவதும் ஓட்ட முயல்வதும், இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றங்களாகும். 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருத்தல் இதற்கான அளவுகோலாகும். ஓட்டுநர் தள்ளாடினார் என்றோ விபத்து ஏற்படுத்தினார் என்றோ மெய்ப்பிக்க வேண்டியதில்லை. போதைப்பொருளுக்கு இத்தகைய எண்ணளவு இல்லை. வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத நிலையில் ஓட்டுநர் இருந்தாரா என்பதே பார்க்கப்படும்.

வரலாறு

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மதுவுக்கும் எண்ணளவு எதையும் வகுக்கவில்லை. வாகனத்தைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதை இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. 1988ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு மாறாக, குருதியில் எவ்வளவு சிறிய அளவில் ஆல்ககால் இருந்தாலும் குற்றம் என்றது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் 30 மில்லிகிராம் என்ற வரம்பு வந்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், மூச்சுச் சோதனையுடன் ஆய்வகச் சோதனை உள்ளிட்ட பிற சோதனைகளையும் இப்பிரிவில் சேர்த்தது.

அளவிடும் முறை

குருதியில் உள்ள ஆல்ககாலின் ஒரு பகுதி நுரையீரலில் ஆவியாகி மூச்சுடன் வெளியேறுகிறது. 2,100 மில்லிலிட்டர் மூச்சில் உள்ள ஆல்ககால், 1 மில்லிலிட்டர் குருதியில் உள்ளதற்குச் சமம் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் விகிதம். எரிபொருள் மின்கல வகைக் கருவிகளில், மூச்சிலுள்ள ஆல்ககால் பிளாட்டினம் மின்வாயில் ஆக்சிசனேற்றம் அடைந்து மின்னோட்டத்தை உண்டாக்கும். அம்மின்னோட்டத்தைக் கொண்டு கருவி அளவைக் கணிக்கிறது. சற்று முன் குடித்த மது வாயில் தங்கியிருந்தால் அளவு கூடுதலாகக் காட்டப்படலாம். எனவே சுமார் 15 நிமிட இடைவெளி விட்டுச் சோதிப்பது நல்ல நடைமுறையாகும்.

சோதனையும் கைதும்

சீருடையில் உள்ள காவல் அலுவலர், ஐயத்துக்குத் தக்க காரணம் இருப்பின் ஓட்டுநரை மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தலாம் (பிரிவு 203). தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அம்மறுப்பை அரசுத் தரப்புச் சான்றுக்கு வலுச்சேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் (பிரிவு 205).

202ஆம் பிரிவின்படி, தம் முன்னிலையில் இக்குற்றத்தைச் செய்பவரை அவ்வலுவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாவிடில் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும். இக்கால வரம்பு சான்றைப் பொறுத்தும் முக்கியமானது. உடல் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் அளவில் ஆல்ககாலை நீக்குகிறது. இதன்படி, 50 மில்லிகிராம் அளவுடன் பிடிபட்டவரின் குருதியில் 2 மணி நேரத்துக்குப் பின் 20 மில்லிகிராம் மட்டுமே எஞ்சும். இது வரம்புக்குக் கீழானது. ஆகவே, தாமதம் குற்றத்தின் சான்றையே அழித்துவிடக்கூடும்.

தண்டனைகள்

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளவை:

- முதல் குற்றம்: 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். (முன்பு தண்டம் 2,000 ரூபாய் வரை.)
- மீண்டும் செய்தால்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் தண்டம், அல்லது இரண்டும். (முன்பு தண்டம் 3,000 ரூபாய் வரை, முந்தைய குற்றத்திலிருந்து 3 ஆண்டுக்குள் நிகழ்ந்தால் மட்டுமே இது பொருந்தியது.)

காவலர்கள் தண்டம் பெற்று முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்களின் பட்டியலில் (பிரிவு 200) 185ஆம் பிரிவு இல்லை. எனவே வழக்கு நீதிமன்றம் செல்ல வேண்டும். சாலையிலேயே பணம் கட்டி முடிக்க இயலாது. ஓட்டுநர் உரிமத்தைக் குறைந்தது 3 மாதம் இடைநிறுத்துமாறு உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களைப் பணித்தது.

உயிரிழப்பு நேர்ந்தால்

கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304அ பிரிவு 2 ஆண்டு வரை மட்டுமே சிறை விதித்தது. மும்பை, தில்லி நகரங்களில் நிகழ்ந்த இரு விபத்து வழக்குகளில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 10 ஆண்டு வரை சிறைக்கு இடமளிக்கும் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி அவற்றுக்குப் பொருந்தும் என்றது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவற்றுக்கு இணையானவை முறையே 106, 105ஆம் பிரிவுகளாகும். 106(1) பிரிவில் சிறைத்தண்டனை பொதுவாக 5 ஆண்டு வரை என உயர்த்தப்பட்டுள்ளது.

இவற்றையும் பார்க்க

- ஓட்டுநர் உரிமம்
- சாலைப் பாதுகாப்பு
- எத்தனால்