விற்ற பொருளைத் திரும்ப அழைப்பது எப்படி? – ஒரு சிறு வரலாறு

செட்டிநாட்டு வீடுகளில் பழைய பித்தளைப் பாத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் வீட்டுக்காரரின் பெயரெழுத்துக்கள் வெட்டப்பட்டிருக்கும். விசேஷத்துக்கு இரவல் போனாலும், இது இன்னார் வீட்டுப் பொருள் என்று தெரிந்துவிடும். இந்தப் பழக்கத்துக்கும் அமெரிக்காவின் ஒரு விளையாட்டுப் பொருளுக்கும் சம்பந்தம் உண்டு!

அந்தப் பொருள் டிராம்போலைன். இரும்பு வளையத்தில் சுருள்வில்களால் இழுத்துக் கட்டிய துணி மேல் குழந்தைகள் குதித்து விளையாடுவது. நம் ஊர்ப் பொருட்காட்சிகளிலும் இதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கஸில் பார் விளையாடுபவர்கள் கீழே வலையில் விழுந்து துள்ளுவதைப் பார்த்த ஜார்ஜ் நிசன் என்ற அமெரிக்கர், 1930களில் இதை உருவாக்கினார். 1960 வாக்கில் காசு கொடுத்துக் குதிக்கும் மையங்கள் அங்கே ஊருக்கு ஊர் முளைத்தன. அடிபட்டவர்கள் பெருகவே, வந்த வேகத்திலேயே மூடப்பட்டன. பின்னர் டிராம்போலைன் வீட்டுத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது.

இதற்கிடையே 1972இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை அமைக்க அமெரிக்கா சட்டம் இயற்றியது. ஆபத்தான பொருளை விற்ற பிறகும் திரும்பப் பெற வைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. 2005இல் ஜம்ப்கிங் நிறுவனம் சுமார் 10 லட்சம் டிராம்போலைன்களுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. காரணம், சட்டத்தின் வெல்டிங் விட்டுப்போகக்கூடும் என்பதுதான். குதிக்கும்போது வெல்டிங் விட்டால் குழந்தையின் கதி என்ன?

ஆனால் அறிவிப்பு வெளியிடுவது சுலபம். பொருள் எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கியவரின் முகவரி யாரிடமும் இருக்காது. பிள்ளைகள் வளர்ந்ததும் டிராம்போலைன் பக்கத்து வீட்டுக்கோ பழைய சாமான் விற்பவரிடமோ போய்விடும். 2008இல் அமெரிக்கா இதற்கும் ஒரு சட்டம் போட்டது. திரும்பப் பெறப்பட்ட பொருளை மறுபடி விற்பதே குற்றம் ஆனது.

இந்தியாவுக்கு வருவோம். 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்கலாம். ஆனால் யாரும் புகார் கொடுக்காமலேயே தானாக முன்வந்து நடவடிக்கை எடுத்து, பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் தனி அமைப்பு அதில் இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்தக் குறையைப் போக்கியது. அதன்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020 ஜூலையில் அமைக்கப்பட்டது.

அதன் பார்வை சமையலறைப் பக்கம் திரும்பியது. 2021 பிப்ரவரி முதல் பிரஷர் குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. தரக்கட்டுப்பாட்டு விதியை மீறிய குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தருமாறு 2022 ஆகஸ்டில் இரண்டு இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணையம் உத்தரவிட்டது. அமேசானுக்கு 2,265 குக்கர்கள், பிளிப்கார்ட்டுக்கு 598. தலா ஒரு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. இரு நிறுவனங்களும் தில்லி உயர்நீதிமன்றத்துக்குச் சென்றன.

எண்ணிக்கை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது எப்படி? இணையத்தில் வாங்கியவர் ஒவ்வொருவரின் பெயரும் முகவரியும் பதிவாகியிருந்தன. அதே குக்கரைக் காரைக்குடிக் கடைத்தெருவில் பில் இல்லாமல் ஒருவர் வாங்கியிருந்தால்? பொருட்காட்சிக்காரர் பழைய டிராம்போலைன் ஒன்றை வாங்கி வந்து போட்டிருந்தால்? எந்த ஆணையத்தின் கடிதமும் அவர்களைத் தேடி வராது.

பர்மா, மலாயா வரை கடல் கடந்து வணிகம் செய்த நகரத்தார், பேரேட்டில் ஒரு காசு விடாமல் எழுதி வைத்தார்கள். யாரிடம் எது போனது என்று எழுதி வைப்பது பணத்தைக் காக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அது உயிரையும் காக்கும் என்பதைத்தான் இந்த வரலாறு சொல்கிறது. அடுத்த முறை கடையில் பில் வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்லுங்கள்!