உரிக்கப்பட்ட படலம்: சிவராமமூர்த்தியும் பிற்கால ஓவியமும்

ஓவிய வரலாறு எழுதுகிறவர்களிடம் 'சரிவு' என்றொரு சொல் எப்போதும் கைவசம் இருக்கிறது. ஐரோப்பாவில் அது பரோக் மீது விழுந்தது. 'பரோக்' என்பதே முதலில் வசைதான். கோணலாய் விளைந்த முத்து என்று அதற்கொரு மூலம் சொல்வார்கள். 1888இல் அதை ஆராயத் தொடங்கிய ஹைன்ரிஷ் வோல்ஃப்லின், 1915இல் வெளிவந்த நூலில், இது கெட்டுப்போன மறுமலர்ச்சி அல்ல, வேறொரு விதமான பார்த்தல் என்று வாதிட்டார். வசை ஓர் ஆய்வுத்துறையின் பெயராயிற்று. நம் நாயக்கர் கால ஓவியத்துக்கு அப்படியொருவர் வாய்த்தாரா? சி. சிவராமமூர்த்தியை (1909-1983) முன்வைத்துத்தான் இதைக் கேட்க முடியும்.

சமஸ்கிருதப் படிப்பிலிருந்து வந்தவர் அவர். சென்னை அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர். 1942இல் அமராவதிச் சிற்பங்கள் பற்றிய நூல். பிறகு தொல்லியல் துறை, கல்கத்தா, கடைசியில் தில்லி தேசிய அருங்காட்சியக இயக்குநர். தானே கோட்டோவியம் வரையக்கூடியவர் என்பது முக்கியம். கண்ணும் கையும் பழகிய மனுஷன். 1968இல் வந்த தென்னிந்திய ஓவியங்கள் பற்றிய நூலில் பல்லவர், சோழரோடு நிறுத்திக்கொள்ளாமல் விஜயநகரம், நாயக்கர் வரை வந்தார். விஜயநகர ஓவியம் பற்றிய தனிநூல் அவர் மறைந்தபின் 1985இல் வெளியாயிற்று. இந்த அளவுக்கு அந்தக் காலகட்டத்துக்கு இடம் கொடுத்தவர்கள் அன்றைக்கு அதிகமில்லை.

ஆனால் அவர் ஓவியத்தின்முன் நின்று கேட்ட கேள்வி வேறு: இது எந்தக் கதை, எந்தச் சுலோகம்? 16ஆம் நூற்றாண்டு லேபாட்சி விதானத்துக்கு இந்தச் சாவி நன்றாகவே பொருந்துகிறது. கிராதார்ஜுனியம் அடையாளப்படும், மனுநீதிச் சோழனும் கன்றை இழந்த பசுவும் அடையாளப்படும். சோழன் கதை விஜயநகரக் கோயிலுக்கு எப்படிப் போச்சு, கோயில் கட்டிய விருபண்ணா போன்ற ஓர் அதிகாரிக்கு நீதிக்கதை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு அந்தச் சாவி திறக்காது. பிரதியை ஓவியத்துக்கு வெளியே, அதுவும் சமஸ்கிருதத்தில் வைத்துவிட்டால், ஓவியம் வெறும் விளக்கப்படமாகச் சுருங்கிவிடும்.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது பழக்கப்பட்ட சங்கதி. வகுப்பில் நாயக்கர் காலம்னா தலபுராணம், சிற்றிலக்கியம், யமகம், திரிபு. சட்டுனு பக்கத்தைப் புரட்டிட்டுப் போயிடுவாங்க. காவேரிப்பட்டினம்னு சொன்னதுமே பூம்புகாரான்னு கேட்கிற அதே மனசுதான். தென்பெண்ணைக் கரையில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற ஒரு ஊர் இருப்பது அந்த மனசுக்கு உறைப்பதில்லை. இங்கிருந்து ஓசூர், பெங்களூர் தாண்டினால் லேபாட்சிக்கு வழி. தமிழ் ஓவியம், தெலுங்கு ஓவியம் என்று பிரிக்கிற கோடு இந்தப் பாதையில் எங்கே விழுகிறது?

தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்ததைப் பாருங்கள். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ்.கே. கோவிந்தசாமி, உதிர்ந்துகொண்டிருந்த நாயக்கர் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியத்தைக் கண்டார். மகத்தான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணத்தில் மேலே இருந்தது 'திரை' ஆகிவிட்டது, அடியில் இருந்தது 'கலை' ஆகிவிட்டது. பின்னாளில் தொல்லியல் துறையினர் மேற்படலத்தை உரித்துக் கண்ணாடியிழைப் பலகைகளில் ஒட்டிக் காப்பாற்றினார்கள். நுட்பமான வேலை. அப்படியும், தான் இருந்த சுவரை இழந்தது எந்தக் காலத்து ஓவியம் என்பதில் ஒரு வரலாற்றுப் பார்வையின் தீர்ப்பு இருக்கிறது.

திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதையில் ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழிலேயே எழுதியிருக்கிறது. அங்கே பிரதி வெளியே இல்லை, சுவருக்குள்ளேயே ஓடுகிறது. அரசன் ஒரே பட்டையில் திரும்பத்திரும்ப வருகிறான்; பார்க்கிறவன் அண்ணாந்தபடி நடந்தால்தான் கதை நகரும். வி.கே. ராஜாமணியின் புகைப்படங்களோடு டேவிட் ஷுல்மன் இதைப் பற்றித் தனிநூல் கொண்டுவந்தது 2011இல். வோல்ஃப்லின் முதல் நூலிலிருந்து எண்ணினால் 123 வருஷம்.