சூரிய ரேடியோ அலைகள்: தொடக்ககாலத் தேடல்

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1888இல் மின்காந்த அலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிக் காட்டியதும், ஒளியை வாரி இறைக்கும் சூரியனிடமிருந்து இந்த நீண்ட அலைகளும் வரத்தானே வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. ஆனால் அவை அகப்பட அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

அறியப்பட்ட முதல் திட்டம் தாமஸ் எடிசனுடையது. நியூ ஜெர்சியில் இரும்புத்தாதுப் பாறையைச் சுற்றிக் கம்பி கட்டிச் சூரியனின் சலனங்களைக் கேட்கப்போவதாக, அவருடைய உதவியாளர் ஆர்தர் கென்னலி 1890இல் லிக் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். முடிவு எதுவும் வெளிவரவில்லை.

ஆலிவர் லாட்ஜ் 1890களில் லிவர்பூலில் முயன்றார். அவர் நம்பியது இரும்புத்தூள் அடைத்த கண்ணாடிக் குழாயை. ரேடியோ அலை பட்டால் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். நகரத்து மின் இரைச்சலே அதை ஓயாமல் அலைக்கழித்தது. பாட்ஸ்டாமில் வில்சிங், ஷைனர் இருவரும் 1896இல் தேடிப் பார்த்து, வளிமண்டலம் அலைகளை உறிஞ்சிவிடக்கூடும் என்று கருதினர்.

அந்தத் தடையைக் குறைக்க மலையேறியவர் பிரான்ஸின் சார்ல் நார்ட்மன். 1901 செப்டம்பரில் மோன் பிளாங் மலையில், சுமார் 3,100 மீட்டர் உயரத்தில், 175 மீட்டர் நீளக் கம்பியைப் பனியாற்றின்மேல் விரித்தார். எதுவும் பதிவாகவில்லை. சூரியப் புள்ளிகளும் வெடிப்புகளும் மிகும்போதுதான் ரேடியோ வீச்சும் வலுக்கும் என்று அவர் ஊகித்தது மிகச் சரி. 1901இலோ புள்ளிகள் அருகிப்போயிருந்தன. அவர் தேடியதும் ஒரே நாள். பொறுமையாகத் தொடர்ந்திருக்க வேண்டிய முயற்சி அது.

அதன்பின் ஆர்வம் தணிந்தது. 1900இல் மாக்ஸ் பிளாங்க் கண்ட கதிர்வீச்சு விதிப்படி, சூரிய வெப்பத்தால் எழும் ரேடியோ அலை அன்றைய கருவிகளுக்கு எட்டாத அளவு மெலிந்தது. 1902இல் ஆலிவர் ஹெவிசைடும், எடிசனுக்காகக் கடிதம் எழுதிய அதே கென்னலியும், உயர் வளிமண்டலத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருப்பதாகத் தனித்தனியே முன்மொழிந்தனர். விண்ணிலிருந்து வரும் நீண்ட அலைகளைத் தரையை எட்டவிடாமல் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் அதுதான்.

விடை போரின் நடுவே கிடைத்தது. 1942 பிப்ரவரி இறுதியில் பிரிட்டனின் ரேடார்கள் 4 முதல் 6 மீட்டர் அலைநீளங்களில் திணறின. எதிரியின் குறுக்கீடு என்றே முதலில் ஐயுற்றனர். இரைச்சல் வந்த திசை சூரியனோடு சேர்ந்து நகர்வதைக் கண்ட ஜே. எஸ். ஹே, கிரீனிச் வானாய்வகத்தில் விசாரித்தார். சூரியனின் நடுப்பகுதியில் மிகப் பெரிய புள்ளித்தொகுதி இருப்பதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் சவுத்வொர்த், சூரிய வெப்பத்தால் எழும் சென்டிமீட்டர் அலைகளைப் பிடித்தார். போர்க்கால ரகசியத்தால் இரண்டும் உடனே வெளிவரவில்லை. ஆகவே முதலில் அச்சேறியது, தன் வீட்டு முற்றத்தில் தானே அமைத்த தொலைநோக்கியால் கிரோட் ரெபர் கண்டறிந்து 1944இல் வெளியிட்ட முடிவு.