மூதூரில் வேலை எப்போது இல்லாமல் போனது?

கணக்கெடுக்கிற வாரத்தில் ஒரு மணித்தியாலம் வேலை செய்திருந்தாலே அரசாங்கக் கணக்கில் நீங்கள் தொழில் உள்ளவர். வாப்பாவின் கடையில் சம்பளமில்லாமல் நின்றாலும் அப்படித்தான். 2023இல் நாட்டின் வேலையின்மை 4.7 வீதம் என்று வந்தது இந்தக் கணக்கால்தான். மூதூர் ஜெட்டியடியில் பின்னேரம் நிற்கிற பொடியன்மாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கோ, சிரிப்பாங்க.

‘மூதூரில வேலையில்ல’ என்று சொல்லும்போது, ஆதியிலிருந்தே இங்கு ஒண்டும் இல்லாத மாதிரி ஒரு தொனி வந்துவிடுகிறது. நாங்கள் அதை ஏற்கவில்லை. கொட்டியாரக் குடாவில் மீன், மகாவலி கடலில் விழுகிற கழிமுகம், அல்லைக் குளத்துத் தண்ணியில் வயல், சம்பூர்ப் பக்கம் மாட்டுப்பட்டி. (1659இல் புயலில் பாய்மரம் போன றொபேட் நொக்ஸின் கப்பல் திருத்த வேலைக்கு ஒதுங்கியதும் இந்தக் குடாவில்தான்.) வேலை செய்கிற இடங்கள் இருந்தன. அவை மூடப்பட்டன.

2006 ஏப்ரலில் சம்பூர் மீது குண்டு விழுந்தது. ஓகஸ்ட் தொடக்கத்தில் மூதூர் நகரமே இடம்பெயர்ந்தது. அந்த மாதம் 4ஆம் திகதி அக்சன் பாம் நிறுவனத்தின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாதச் சம்பளத்துக்கு வேலைக்குப் போன ஆக்கள் அவர்கள். இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

சம்பூர் 2007 மே மாதம் உயர் பாதுகாப்பு வலயமானது. சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில். அவர்களின் காணியில் இந்தியாவோடு சேர்ந்து 500 மெகாவோற் அனல்மின் நிலையம் கட்டத் திட்டம் வந்தது. காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015, 2016இல்தான். ஒன்பது, பத்து வருசம் என்பது பள்ளிக்கூடப் பொடியன் ஒருவன் கலியாணம் கட்டும் வயதுக்கு வருகிற காலம். மாடு வளர்க்கத் தெரிந்த தகப்பன், முகாமில் இருந்துகொண்டு மகனுக்கு எதைக் காட்டிக் கொடுப்பார்? காணியைத் திருப்பிக் கொடுக்கலாம், இடையில் விட்டுப்போன தொழிலை யார் கொடுப்பது? அனல்மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவோற் சூரிய மின் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. சூரிய மின்சாரத்துக்கு நாங்கள் எதிரில்லை. கட்டி முடிந்தபிறகு அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் எத்தனை பேர் தேவைப்படும் என்றுதான் கேட்கிறோம்.

வேலையின்மையின் விளைவுகள் என்று பரீட்சையில் எழுதுவோம்: வறுமை, குற்றம், புலப்பெயர்வு. மூன்று புள்ளி, மூன்று மார்க்ஸ். மூதூரில் அந்த மூன்றாவது புள்ளிக்கு ஒரு பெயர் இருக்கிறது.

ஷாபி நகர் ரிசானா நபீக். பிறந்தது 1988இல். கடவுச்சீட்டில் 1982 என்று போட்டு, 2005இல் பதினேழு வயதில் சவுதிக்கு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். பார்க்கக் கொடுத்த கைக்குழந்தை சில வாரங்களில் இறந்தது. பால் கொடுக்கும்போது மூச்சுத் திணறியது என்றார் ரிசானா. கொலை என்று 2007இல் தீர்ப்பானது. 2013 ஜனவரி 9இல் தலை வெட்டப்பட்டது.

கடவுச்சீட்டில் வயது கூட்டியதைப் பற்றி நிறைய எழுதினார்கள். அவருடைய தகப்பன் விறகு வெட்டிப் பிழைத்தவர் என்பதும், யுத்த காலத்தில் காடு நம்பி நுழையக்கூடிய இடமாக இருக்கவில்லை என்பதும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிறகு அரசாங்கம் சவுதிக்குப் போகும் பெண்களின் ஆகக்குறைந்த வயதை 25 ஆக்கியது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் தாய்மாரைத் தடுக்கக் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவந்தது. போகாமல் நின்றால் ஊரில் என்ன வேலை என்பதற்கு அதில் பதில் இல்லை.

படித்தால் தப்பலாம் என்பீர்கள். 2017இல் திருகோணமலையில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் வீதியோரம் பந்தல் போட்டு இருந்தார்கள். படிப்பும் கிடைக்கிற வேலையும் பொருந்தவில்லை என்று டட்லி சீயர்ஸ் தலைமையிலான ஐ.எல்.ஓ. குழு இலங்கைக்குச் சொன்னது 1971இல். எங்கள் பெச்சில் மூதூர்ப் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். கடைசி வருசப் பரீட்சைக்கு முதலே ஒருத்தி பாஸ்போர்ட் எடுத்துவிட்டாள்.